கும்பகோணத்துப் பட்டறையைப் பிரித்துக்கொண்டு ஊர் வீட்டுக்கே போய்விடலாமா?

14ஆம் நம்பர் ஸ்பேனர்:
பத்தொன்பது ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் வாடகைக் கொட்டகையில் கார், குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பழுது வேலை பார்க்கிறேன். உடன் இரண்டு பையன்கள். கொட்டகைக்காரர் வாடகையை 11,000 ரூபாயிலிருந்து 16,000 ஆக்கிவிட்டார். பொங்கலுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது காலி செய்ய வேண்டும்.

வலங்கைமானுக்கு அந்தப் பக்கம், பெரிய சாலையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. 14 சென்ட் மனை. அதை ஒட்டி அப்பா பெயரில் மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நஞ்சை. பட்டறையை அங்கேயே கொண்டுபோனால் வாடகை மிச்சம், தினமும் போய்வரும் பெட்ரோல் மிச்சம், மதியம் சூடான சோறு. வீட்டில்தான் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. இப்படிப் போனவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீசல்:
தம்பி, இன்றைக்கே கொட்டகையைப் பிரியுங்கள். நான் 2012இல் மன்னார்குடிக் கடையை மூடிவிட்டு ஊரோடு வந்தவன். டவுனில் இருபது மெக்கானிக்கில் நான் ஒருவன். இங்கே சுற்றுவட்டாரத்துக்கே நான் ஒருவன். டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்ப், டிவிஎஸ் எக்ஸ்எல், பள்ளிக்கூட வேன் எல்லாம் என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். சம்பா அறுவடையில் பெல்ட் வண்டி (நெல் அறுக்கும் இயந்திரம்) வயலுக்குள் நின்றுவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். வானம் மூடி இருக்கும், பாதி வயல் அறுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் கூலி பேரம் பேசுகிறவன் எவனும் இல்லை.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. என் கொட்டகைத் தகடு பறந்துபோய்த் தென்னந்தோப்பில் கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் மூலையில் கிடந்த ஜெனரேட்டரை எல்லாம் ஊரே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. வாழ்நாளில் அவ்வளவு கார்புரேட்டர் நான் கழுவியதில்லை.

தஞ்சை லேத்:
பெரியவர் சொல்வது டிராக்டர் தொழில். கேட்டவர் கார் மெக்கானிக். இரண்டையும் ஒரே உலையில் போடக்கூடாது.

ஸ்பேனர் அண்ணன், கும்பகோணத்தில் கிளட்ச் பிளேட் வேண்டுமென்றால் பையன் சைக்கிளில் போய் வாங்கி வருகிறான். ஊருக்குப் போனால் ஓர் ஆயில் சீலுக்கு அரை நாள் போய்விடும். பிரேக் டிரம் கடைய, இன்ஜின் ஹெட் மட்டம் பார்க்க, சிலிண்டர் போர் போட எங்களைப் போன்ற லேத் பட்டறைக்குத்தான் வர வேண்டும். அந்த அலைச்சலை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டி எல்லாம் பிஎஸ்6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. டீசல் காரில் புகைக்குழாய் வழியில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் ஸ்கேனரைப் போட்டுச் சூடேற்றி எரிக்க வேண்டும், இல்லையென்றால் சாலையில் கொஞ்ச தூரம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தை மாசியில் உங்கள் ஊர்ச் சாலை நெடுக நெல்லும் வைக்கோலும் காயுமே! கொதிக்கிற குழாயோடு வைக்கோல் மேல் போவீர்களா? அடியில் வைக்கோல் சுற்றி எரிந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டீசல்:
ஸ்பேர் இப்போது காலை பஸ்ஸில் பார்சலாக வருகிறது. லேத்துக்காரர் தன் கடை வாசலை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டும்.

தஞ்சை லேத்:
பார்சலில் தப்பான அளவு வந்தால் மறுநாள் காலை பஸ். வண்டிக்காரர் அதுவரை உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வாரா?

வெண்ணாற்றுக் கரை:
நான் மெக்கானிக் இல்லை, விவசாயி. எங்கள் தெருவில் ஒருவர் இதேபோல் வீட்டோடு பட்டறை வைத்தார். நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். கழிவு ஆயிலை வேலியோரம் ஊற்றுவார். வெயில் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் அது கன்னி வாய்க்காலில் இறங்கி என் நாற்றங்காலில் வந்து நின்றது. தண்ணீர்மேல் வானவில் மாதிரிப் படலம். அழகாகத்தான் இருந்தது, நாற்று முழுக்கப் பழுத்துப்போனது. கேட்டதற்கு, "கொஞ்சம்தானே அண்ணே" என்றார்.

எத்தனை கொஞ்சம்? ஒரு காருக்குச் சர்வீஸில் மூன்றரை, நான்கு லிட்டர் வடிகிறது. மாதம் முப்பது வண்டி என்றால் நூறு லிட்டருக்கு மேல். டவுனில் அது சாக்கடையில் போய் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடுகிறது (அதுவும் ஆற்றுக்குத்தான் வருகிறது, அது வேறு கதை). எங்கள் ஊரில் அதற்கு வயலைத் தவிர வேறு வழி கிடையாது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டமே போட்டாகிவிட்டது. பட்டறைக்கு இடம் கிடையாது. டவுனிலேயே இருங்கள்.

கணக்குப்பிள்ளை:
சட்டத்தைப் பெயரை மட்டும் வைத்துப் படிக்கக்கூடாது. 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடை செய்வது துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், எஃகு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றை. கார் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை.

ஸ்பேனர் பார்க்க வேண்டியது வேறு. 14 சென்ட் மனை நத்தமா, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமா? ஆமென்றால் பேசலாம். பட்டறையை இழுத்து நஞ்சைக்குள் விட்டால் நில வகைப்பாட்டை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊராட்சியில் தொழில் உரிமம் வேண்டும், கம்ப்ரஸர் போன்ற மோட்டார் வைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து வெல்டிங் ஓட்டினால் மின்வாரியம் அபராதம் போடும். பட்டறைக்குத் தனி இணைப்பு எடுங்கள். விவசாய இலவச மின்சார மோட்டாரில் தண்ணீர் இறைத்து வாட்டர் வாஷ் செய்கிறவர்களை நான் அறிவேன். மாட்டினால் அப்பாவின் இணைப்பே போய்விடும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் முகவரி மாறிய 15 நாட்களுக்குள் திருத்த வேண்டும்.

கழிவு ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். சாலையோரம் பீப்பாய் வாங்க வருகிறவர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர மாட்டார். பழைய பேட்டரிக்கும் 2022இல் தனி விதி வந்துவிட்டது.

கடைசியாக, யாராவது கிராமத்துக்குப் போனால் மத்திய அரசு மானியம் 35 சதவீதம் என்று ஆசை காட்டுவார்கள். பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கிராமப்புறச் சிறப்புப் பிரிவினருக்கு அது உண்டு, பொதுப் பிரிவுக்கு 25. ஆனால் அது புதிய தொழிலுக்கு. ஓடுகிற பட்டறையை இடம் மாற்றுவதற்குக் கிடையாது.

வெண்ணாற்றுக் கரை:
சட்டத்தைப் பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். சட்டம் விடுகிறது என்பதற்காக ஆயில் வாய்க்காலுக்குப் போகாமல் இருந்துவிடுமா? அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள் கணக்குப்பிள்ளை.

14ஆம் நம்பர் ஸ்பேனர்:
வெண்ணாற்று ஐயா, நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். இங்கே கும்பகோணத்தில் பீப்பாயில் பிடித்துத்தான் கொடுக்கிறேன். யாரிடம் போகிறது என்று இதுவரை கேட்டதில்லை, அதுவும் உண்மை. மனை நத்தம்தான், பட்டா இருக்கிறது. கொட்டகை மனையில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி மட்டும் கொஞ்சம் பின்னால் நஞ்சை ஓரமாக வெட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

மதகடி வீடு:
குழியா? தம்பி, உங்களுக்கு நம்முடைய தண்ணீர் மறந்துவிட்டது, டவுனில் அதிக நாள் இருந்துவிட்டீர்கள்.

நன்னிலம் பக்கம் எங்கள் வீட்டிலேயே பட்டறை. ஏழு ஆண்டாக ஓடுகிறது. வேலை பார்ப்பது அவர், மற்றதெல்லாம் நான். வந்த ஆண்டு சித்திரையில் ஐந்தடிக் குழி வெட்டிச் செங்கல் வைத்துப் பூசினோம். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நான்காம் நாள் குழியிலும் வந்தது. தவளை நீந்தியது. தை வரைக்கும் வற்றவில்லை. ஆயிலும் அதில் கலந்து ஊறியதுதான் மிச்சம். பிறகு அதை மூடிவிட்டு, சரிவாக மேடை கட்டி அதன்மேல் வண்டியை ஏற்றுகிறார். தரையும் அப்படித்தான். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். மேலே மெல்லியதாகச் சிமெண்ட் போட்டால் ஒரே ஆண்டில் விரிசல். எங்களுக்கு முதலில் போட்ட தரை வீண்; களிமண்ணை வெட்டி எடுத்துவிட்டு மணலும் ஜல்லியும் கொட்டி இரண்டாவது முறை போட்டோம். அந்தச் செலவில் உங்கள் கொட்டகைக்கு ஓர் ஆண்டு வாடகை கொடுத்திருக்கலாம்.

வீட்டில் சம்மதம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன காரணம் என்று கேட்டீர்களா? நான் சொல்கிறேன். வண்டிக்காரர் வந்தால் உட்காருவது என் திண்ணையில். குடிக்கத் தண்ணீர் கேட்பது என்னிடம். வேலை முடிய இரண்டு மணி நேரம் என்றால் டீ. குடும்பத்தோடு திருநள்ளாறு போகிற வண்டி நின்றுவிட்டால் அந்தப் பெண்கள் கழிவறைக்கு என் வீட்டுக்குள் வருவார்கள். பாவம், வேறு எங்கே போவார்கள்? கொடியில் காயும் துணியில் பெயிண்ட் வாடை. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும்போது டிங்கரிங் சுத்தியல். கடைக்கு ஷட்டர் இருந்தது, இழுத்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. வீட்டுக்கு எதை இழுத்து மூடுவது?

இருந்தும் திரும்பப் போகச் சொன்னால் போக மாட்டேன். அவருக்கு முன்பு சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

பழைய டீசல்:
குழி விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. எனக்கும் ஆனது. சொல்ல வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

தஞ்சை லேத்:
இன்னும் எதையெல்லாம் வெட்கப்பட்டு விட்டீர்கள் என்று ஒரு தடவையில் சொல்லிவிடுங்கள் பெரியவரே. கடன் நோட்டு எப்படி?

பழைய டீசல்:
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வெளியில் நிற்கிறது. அதில் பாதி என் மைத்துனர் வகை.

கேலி வேண்டாம். அது வராத கடன் இல்லை, காலத்தில் வரும் கடன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வங்கிக்கு வந்த மறுநாள் பாதிப் பேர் தாமாகவே வந்து கொடுப்பார்கள்.

தஞ்சை லேத்:
நெல் விளைந்தால்! மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தால்தான் உங்கள் ஊரில் காசு நடமாடும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், எல்லோருக்கும் கொண்டாட்டம். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த ஆண்டு ஆடி மாதம் உங்கள் பட்டறையில் எத்தனை டிராக்டர் நின்றது? டவுனில் கார் வைத்திருக்கிற ஆசிரியருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்ற கவலை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம். ஸ்பேனர் அண்ணன் பத்தொன்பது ஆண்டாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அவர்கள். 16,000 ரூபாய் வாடகை அந்த வாசலுக்குக் கொடுக்கிற விலை.

பழைய டீசல்:
2024 ஆடியில் கஷ்டம்தான். மறுக்கவில்லை. ஆனால் வாடகை என்று வாசலில் வந்து நிற்க ஒருவன் இல்லை. அதனால்தான் தாங்கினேன். டவுனில் வியாபாரம் விழுந்த மாதம் கொட்டகைக்காரர் பாதி வாங்கிக்கொண்டாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

14ஆம் நம்பர் ஸ்பேனர்:
கொரோனா நேரத்தில் இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டுவதைப் பெருமையாகச் சொன்ன பெரியவருக்கு ஒன்று. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. வயலில் போய் வேலை பாருங்கள், வீட்டில் சுத்தியலைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறு இருந்தால் அவர் முதலில் எழுதப்போகும் மனு இதுதான்.

வெண்ணாற்றுக் கரைக்கு என் பதில்: சட்டம் ஆயிலைத் தடுக்காது. ஓரம் கட்டிய சிமெண்ட் தரை தடுக்கும், மூடி போட்ட பீப்பாய் தடுக்கும். வாட்டர் வாஷ் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். அதைச் செய்தால் வாய்க்காலைத் தப்புவிக்க வழியே இல்லை.

வெண்ணாற்றுக் கரை:
இது பேச்சு. ஒரு யோசனையும் சொல்கிறேன். நம் பக்கத்தில் பெரிய சாலை ஓரமாகவே மூடிக்கிடக்கும் சின்ன நெல் அரைவை மில்கள் எத்தனை! நெல் காயவைத்த களம் அப்படியே கெட்டியாகக் கிடக்கிறது, கொட்டகை இருக்கிறது, சில இடங்களில் மும்முனை மின்சாரமும் இருக்கிறது. வீட்டுக்கும் பக்கம், டவுன் வாடகையும் கிடையாது, வாய்க்காலிலிருந்தும் தள்ளி. அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

14ஆம் நம்பர் ஸ்பேனர்:
எங்கள் ஊர்த் திருப்பத்திலேயே ஒன்று இருக்கிறது ஐயா. நான்கு பங்காளிகள், பதினோரு ஆண்டாக வழக்கு. ஒருவரிடம் வாடகை பேசினால் மற்ற மூவரும் என் மேல் வழக்குப் போடுவார்கள்.

சரி, நான் நினைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்காரரிடம் 14,000 என்று இன்னொரு ஆண்டுக்குப் பேசப் போகிறேன். அதற்குள் ஊர் மனையில் தரையும் சரிவு மேடையும் போடுகிறேன். களிமண்ணை வெட்டிய பிறகுதான் சிமெண்ட். இந்தத் தை அறுவடைக்கு ஒரு பையனை மட்டும் அங்கே உட்காரவைத்து டிராக்டர் வேலை எப்படி வருகிறது என்று பார்க்கிறேன். கார் வேலை கும்பகோணத்திலேயே இருக்கட்டும். குழி கிடையாது. வாட்டர் வாஷ் கிடையாது. லேத் தம்பி, ஸ்கேனர் செலவைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.

மதகடி அக்கா எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கழிவறையை எங்கே கட்டப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

மதகடி வீடு:
பட்டறையை ஒட்டிக் கட்டுங்கள். சாவியை உங்கள் மனைவியிடம் கொடுக்காதீர்கள், பையனிடம் இருக்கட்டும்.