அமேசான் கருமண்ணில் கரி நிலைத்திருப்பது எவ்வாறு?

கேள்வி:
பிரேசிலின் மனௌஸ் நகரை ஒட்டிய பகுதிகளில் காணப்படும் ‘டெர்ரா பிரேட்டா’ என்னும் கரி மிகுந்த கருமண், அதைச் சூழ்ந்துள்ள சத்துக் குறைந்த மழைக்காட்டு மண்ணிலிருந்து இவ்வளவு வேறுபடுவது ஏன்? காட்டுத்தீயினாலும் கரி உண்டாகும் அல்லவா?

மறுமொழி 1:
உண்டாகும். ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதிக் காடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான கரித்துண்டுகள் மண்ணுக்குள் கிடைத்துள்ளன. ஆனால் அளவு முற்றிலும் வேறு: கருமண்ணில் கருங்கார்பன் (எரிந்தபின் எஞ்சும் கரிவகைக் கார்பன்) அருகிலுள்ள மண்ணைவிட 70 மடங்கு வரை மிகுந்திருப்பதை 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதனுடன் பானை ஓடுகளும் மீன் எலும்புகளும் கலந்திருப்பதால், பழங்காலக் குடியிருப்புகளின் அடுப்புக் கரியும் குப்பையும் சேர்ந்தே அது உருவாயிற்று என்பது எனக்கு வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
இத்தனை மழையிலும் வெப்பத்திலும் அது மட்கிப் போகாதது எப்படி?

மறுமொழி 2:
கரியின் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த வளையங்களாக அமைந்திருப்பதால், நுண்ணுயிர்கள் அதை மிக மெதுவாகவே சிதைக்கின்றன. எனினும் அதன் மேற்பரப்பு காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பாக்சில் எனும், எதிர்மின்னூட்டம் ஏற்கும் அணுத்தொகுதிகளைப் பெறுகிறது. கால்சியம் போன்ற சத்துகளை மழைநீரில் கரைந்தோடாமல் அவை பற்றிவைக்கின்றன. மண்ணை வளமாக்கக் கரியை மட்டும் தூவினால் போதும் என்போர், எலும்புகளிலிருந்து வந்த பாஸ்பரஸை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.