ஊசி டோஸைக் குறைத்து ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை) செய்தவர்கள் இருக்கிறீர்களா?

தேன்மொழி:
வயது 34, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.8. போன சைக்கிளில் முட்டை வளர தினமும் 225 யூனிட் ஊசி. முட்டை எடுத்த பிறகு வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டியது. ஓஎச்எஸ்எஸ் (சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவது) என்று அட்மிட் செய்தார்கள். மறுபடியும் அதே டோஸ் என்றால் பயமாக இருக்கிறது. குறைத்தால் முட்டை போதாமல் போய்விடுமோ என்று கணவருக்குக் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

வானதி:
எனக்கும் பிசிஓஎஸ்தான் தேன்மொழி. மாதவிலக்கு வந்ததும் முட்டை வளர உதவும் லெட்ரோசோல் மாத்திரை, கூடவே 150 யூனிட்டுக்கும் குறைவாக ஊசி, நடுவில் முட்டை முன்கூட்டியே வெடிக்காமலிருக்க ஆன்டகோனிஸ்ட் என்ற ஊசி. முட்டை குறைவாகத்தான் கிடைத்தது, ஃப்ரீஸ் பண்ண எம்பிரியோவும் (கருவும்) கம்மி. அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் மறுநாளே எழுந்து நடமாடினேன்.

டோஸை மட்டும் பார்க்காதீர்கள். போன முறை கடைசியில் முட்டை முதிரப் போட்ட ட்ரிகர் ஊசி எது என்று ஃபைலில் பாருங்கள். எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) என்றால் அது பல நாள் உடம்பில் தங்கி, ஏற்கெனவே வீங்கிய சினைப்பையை இன்னும் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆன்டகோனிஸ்ட் முறையில் அதற்குப் பதில் அகோனிஸ்ட் ட்ரிகர் கொடுக்க முடியும். அதனால் முட்டையை முதிர வைக்கும் நம் உடம்பின் சொந்த எல்எச் ஹார்மோனே கிளம்பி வந்து சீக்கிரம் அடங்கிவிடும். எம்பிரியோ எல்லாவற்றையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு வேறொரு மாதம் கர்ப்பப்பையில் வைக்கலாம். கர்ப்பம் தரித்தால் உடம்பிலேயே எச்சிஜி சுரந்து ஓஎச்எஸ்எஸ் முற்றும், அதற்காகத்தான் இந்த ஒத்திவைப்பு. உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கயல்:
என் கதை நேர் எதிர், ஏஎம்எச் 0.6. டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள், பலன் இல்லை. ஊசி புதிதாக முட்டையை உண்டாக்காது, அந்த மாதம் தயாராக இருக்கும் ஃபாலிக்கிள்களை, அதாவது முட்டைப் பைகளைத்தான் வளர்க்கும். முட்டை குறைவாக வருபவர்களுக்கு 300 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ அமைப்பான ஈஷ்ரேயின் 2019 வழிகாட்டியே சொல்கிறது. இப்போது 150-இல் செய்கிறேன், உடம்பு தாங்குகிறது.

தேன்மொழி:
ரொம்ப நன்றி. ஃபைலைப் பார்த்துவிட்டேன், எச்சிஜிதான். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். வானதி, அகோனிஸ்ட் ட்ரிகர் போட்ட பிறகும் உங்களுக்கு வயிறு உப்பியதா?

வானதி:
லேசாக, ஓரிரு நாள். ஆனாலும் தினமும் எடை பாருங்கள். சட்டென ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.