ராத்திரி விழுந்த ஜாப்புக்கு காலையில ஹிஸ்டரியே இல்லை: உங்க அனுபவம்?

ராத்திரி ஷிப்ட்
எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட், அதாவது டேட்டாபேஸ் வேலைகளை (ஜாப்) நேரம் வைச்சு ஓட்டுற சர்வீஸ். ஞாயிறு ராத்திரி 2 மணி பேக்கப் ஃபெயில், மெயில் வந்திருக்கு. திங்கள் காலை வியூ ஹிஸ்டரி திறந்தா அந்த ஜாப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

யாரும் அழிக்கலை. டீஃபால்ட்டா மொத்தம் 1000 வரி, ஒரு ஜாப்புக்கு 100 வரி, அவ்வளவுதான் எம்எஸ்டிபி (ஏஜென்ட்டோட சிஸ்டம் டேட்டாபேஸ்) வைச்சுக்கும். நிமிஷத்துக்கொரு தடவை ஓடுற ஜாப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறைஞ்சது 2 வரி எழுதும்: ஸ்டெப்புக்கு ஒண்ணு, மொத்த முடிவுக்கு ஒண்ணு. அந்த மாதிரி பத்து ஜாப் இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள 1000 வரியையும் அதுங்களே பிடிச்சுக்கும். வாரத்துக்கு ஒரு முறை ஓடுற பேக்கப்தான் முதல்ல வெளியே போகும்.

அப்போ கைகொடுத்தது சிஸ்ஜாப்சர்வர்ஸ் டேபிள். கடைசி ஓட்டத்தோட முடிவும் செய்தியும் அங்கே தனியா நிக்கும். 2வது ஸ்டெப்ல விழுந்தது அதுல தெரிஞ்சது. அந்த நேரத்தை வைச்சு சர்வரோட எர்ரர் லாக்கைப் பார்த்தா 3041 (பேக்கப் முடியலைங்கிற எர்ரர்), பக்கத்துலயே ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 112, அதாவது டிஸ்க்ல இடமில்லை. அதே ஜாப்பை "எதுக்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம்"னு யாராவது ஓட்டியிருந்தா அந்த ஒரு செய்தியும் போயிருக்கும். காலையில எல்லார் கையும் முதல்ல போறது அந்த பட்டனுக்குத்தான்.

கன்டெய்னர் பக்கம்
குபர்னெட்டிஸ்ல (கன்டெய்னர்களை ஓட்டுற சிஸ்டம்) இதைவிட மோசம். க்ரான்ஜாப்ல (நேரம் வைச்சு ஓடுற ஜாப்) வெற்றி பெற்ற ஜாப் 3, தோத்த ஜாப் 1 மட்டும்தான் டீஃபால்ட்டா நிக்கும். மணிக்கொரு தடவை ஓடுறது 1 மணிக்கு விழுந்தது, 2 மணிக்கும் விழுந்தது. கையில இருந்தது 2 மணி லாக் மட்டும். அதுல "லாக் (lock) ஃபைல் ஏற்கெனவே இருக்கு"ன்னு ஒரே வரி, அதாவது ரெண்டு ஓட்டம் ஒரே நேரத்துல ஓடாம தடுக்கிற பூட்டு ஃபைல். டீம் முழுக்க அந்த பூட்டு ஃபைல் பின்னாடியே போச்சு. நிஜக் காரணம் 1 மணி ஓட்டம்: எக்ஸிட் கோட் (புரோகிராம் முடியும்போது விடுற எண், 0ன்னா வெற்றி) 137, அதாவது 128 கூட்டல் 9; 9ங்கிறது உடனே கொல்ற சிக்னல். மெமரி லிமிட் தாண்டினதால கெர்னல் கொன்னிருக்கு, பூட்டு ஃபைலை நீக்க அவகாசமே இல்லை. ஈவென்ட்ஸ் (குபர்னெட்டிஸோட நிகழ்வுப் பதிவு) டீஃபால்ட்டா ஒரு மணி நேரம்தான் இருக்கும், அதுவும் கிடைக்கலை. 137ங்கிறதே வெளியில இருந்த மானிட்டரிங்ல கிடைச்சதுதான்.

ரீஸ்டார்ட் பாலிசியை "நெவர்"னு வையுங்க. "ஆன் ஃபெயிலியர்"னு இருந்தா பேக்ஆஃப் லிமிட் (எத்தனை தடவை திரும்ப முயற்சிக்கலாம்ங்கிற எண், டீஃபால்ட் 6) தொட்டதும் கன்டெய்னர் ஓடுற பாட் (pod) முழுசையும் நிறுத்திடும், லாக்கும் அதோட போயிடும்.

பழைய லினக்ஸ்
இதுக்கெல்லாம் இவ்வளவு எதுக்கு? சாதா கிரான் (லினக்ஸ்ல நேரம் வைச்சு கமாண்ட் ஓட்டுறது), அவுட்புட்டை ஒரு ஃபைலுக்கு அனுப்பு, வேலை முடிஞ்சது. சிஸ்லாக்ல (சிஸ்டத்தோட பொது லாக்) கிரான் வரி இருக்கே, எத்தனை மணிக்கு ஓடிச்சுன்னு அதுவே சொல்லும்.

கெர்னல் வாசகன்
@பழைய லினக்ஸ் சார், இதை அப்படியே விட முடியாது. சிஸ்லாக்ல வர்ற அந்த வரி கமாண்டைத் தொடங்கினப்போ எழுதினது. முடிஞ்சதா, என்ன எக்ஸிட் கோடுன்னு அதுல ஒண்ணும் இருக்காது. அவுட்புட்டை "டீ" (tee, திரைக்கும் ஃபைலுக்கும் சேர்த்து எழுதுறது) கமாண்டுக்கு பைப் பண்ணா இன்னும் ஆபத்து: ஸ்கிரிப்ட் செத்தாலும் டீயோட 0தான் வெளியே வரும். பாஷ்ல "பைப்ஃபெயில்" போட்டே ஆகணும். அப்புறம் கிரான்டாப்ல (கிரானோட அட்டவணை ஃபைல்) % குறி வந்தா அது புது வரியா மாறிடும். லாக் ஃபைல் பேர்ல தேதி வைக்கிறவங்க முன்னாடி பின்சாய்வு போடலைன்னா கமாண்டே பாதியில அறுந்து போகும், ஃபைல் உருவாகவே உருவாகாது.

யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்லிடறேன். ஒவ்வொரு ஜாப்பையும் ஒரு சின்ன ரேப்பர் (ஜாப்பைத் தானே தொடங்கி வைக்கிற ஸ்கிரிப்ட்) வழியா ஓட்டுங்க. தொடங்கும்போதே ஒரு வரி எழுதணும்: ஜாப் பேர், ரன் ஐடி, யூடிசி நேரம், ஹோஸ்ட், பிராசஸ் ஐடி, கோட் வெர்ஷன். முடியும்போது அதே ரன் ஐடியோட எக்ஸிட் கோடும் எடுத்த நேரமும். முடிவை மட்டும் எழுதினா போதும்னு நினைக்காதீங்க. சிக்னல் 9 வந்தா ட்ராப் (சாகும்போது ஓட வைச்சிருக்கிற கோட்) ஓடாது, முடிவு வரி எழுதப்படாது. தொடக்கம் இருக்கு, முடிவு இல்லைன்னா நேரா கெர்னல் லாக்ல ஓஓஎம் (மெமரி தீர்ந்துச்சுங்கிற செய்தி) தேடுங்க. அதுக்கு ஜர்னல் (சிஸ்டம்டியோட லாக்) டிஸ்க்ல இருக்கணும். /var/log கீழே ஜர்னல் டைரக்டரி இல்லைன்னா பல சிஸ்டத்துல டீஃபால்ட்டா அது மெமரியில மட்டும்தான் இருக்கும், ரீபூட் ஆனதும் போச்சு.

ராத்திரி ஷிப்ட்
ரேப்பர் யோசனை சரி. ஏஜென்ட்ல ஹிஸ்டரி கிடைச்சவங்களுக்கு இன்னொண்ணு: ரன் டியூரேஷன்ல 10230ன்னு இருந்தா அது விநாடி இல்லை, 1 மணி 2 நிமிஷம் 30 விநாடி. நேரா கழிச்சுக் கூட்டினா எல்லாக் கணக்கும் தப்பா வரும். மெசேஜ் காலம் (column) 4000 எழுத்தோட வெட்டிடும், நீளமான பவர்ஷெல் எர்ரர்ல அசல் காரணம் பெரும்பாலும் வெட்டுப்பட்ட பகுதியிலதான் இருக்கும். ஸ்டெப்போட அட்வான்ஸ்டு பக்கத்துல அவுட்புட் ஃபைல் கொடுத்து, பழைய ஓட்டத்தோட சேர்த்து எழுதுற மாதிரி டிக் போடுங்க. டிக் போடலைன்னா அடுத்த ஓட்டம் அதையும் மேலெழுதிடும்.