மூளைச்சாவு: ‘மூளைவழி இறப்பு’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘brain death’ என்பதற்கு வழங்கும் ‘மூளைச்சாவு’ என்ற சொல்லை மாற்றலாமா என்ற நம் பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

> ‘சாவு’ காதுக்குக் கடுமையாக இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவரிடம் எப்படிச் சொல்வது? ‘மூளைச் செயலிழப்பு’ என்று மாற்றலாமே.

ஐயா, உங்கள் பரிவு புரிகிறது. ஆனால் ‘செயலிழப்பு’ என்ற சொல்லைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்பேன். ‘சிறுநீரகச் செயலிழப்பு’ இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். அது வந்தவர் டயாலிசிஸ் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் நம்மிடையே நடமாடுகிறார். அதே சொல்லை மூளைக்கும் போட்டால், இதற்கும் ஒரு கருவி இருக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துவிடுவான் என்றுதான் பெற்றவர் மனம் ஓடும். அந்த நம்பிக்கையை நாமே ஒரு சொல்லால் கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பது கொடுமை.

> 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூளைத்தண்டைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே ‘மூளைத்தண்டுச் சாவு’ என்பதே துல்லியம்.

அம்மா சொல்வது சரி. இந்தியாவின் அந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மூளைத்தண்டின் (மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதி) இயக்கங்கள் அனைத்தும் மீளாதபடி நின்றிருக்க வேண்டும். நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்று அறுவையில் ஈடுபடுவோர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. (‘உறுப்புக்காகவே செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள்’ என்ற சந்தேகத்துக்கு இந்த விதிதான் பதில். இதைப் பத்திரிகைகள் அடிக்கடி எழுத வேண்டும்.) சான்றிதழில் மூளைத்தண்டு இருக்கட்டும். பேச்சில் அதைத் தண்டுவடத்தோடு குழப்பிக்கொள்வார்கள். தண்டுவடத்தில் அடிபட்டு நடமாட்டம் இழந்தவரை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறார்கள்.

‘மூளைச்சாவு’ என்ற சொல்லின் கோளாறு சாவில் இல்லை. இரண்டு சொல்லும் சேர்ந்த விதத்தில் இருக்கிறது. பல்வலி என்றால் பல்லின் வலி. அப்படியே மூளைச்சாவு என்றால் மூளையின் சாவு என்று தமிழ்க் காது எடுத்துக்கொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர் கேட்பதும் அதைத்தான்: “மூளைதானே செத்தது? நெஞ்சு துடிக்கிறதே, உடம்பு சூடாக இருக்கிறதே?” இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு, ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளையின் கட்டளை இல்லாமலும் சிறிது காலம் துடிக்கும். இது அந்த வாசலில் யாருக்கும் தெரிந்திருக்காது. போதாக்குறைக்குச் செய்தியில் ‘மூளைச்சாவு அடைந்தார்’ என்று ஒரு பத்தியும் ‘உறுப்புகள் எடுக்கப்பட்டபின் உயிரிழந்தார்’ என்று அடுத்த பத்தியும் வந்தால், ஒரே ஆள் இரண்டு முறை இறந்ததாகிறது. இரண்டாவது இறப்புக்கு மருத்துவரே பொறுப்பு என்றும் ஆகிறது.

என் பரிந்துரை: மூளைவழி இறப்பு.

இதில் இறப்பு ஆளுக்கு உரியது. மூளை அந்த இறப்பு வந்த வழி. ரத்த ஓட்டம் நின்று நேரும் இறப்பை ‘இதயவழி இறப்பு’ எனலாம். இரண்டும் ஒரே இறப்பு, வந்த வழிதான் வேறு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். வினையாகவும் வரும்: ‘நேற்றிரவு மூளைவழி இறந்தார்.’ ‘அடைந்தார்’ தேவைப்படாது.

கோமாவுடன் வரும் குழப்பமும் இதனால் குறையும் என நம்புகிறேன். 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக் குழு தன் வரையறைக்கு ‘மீளாக் கோமா’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருப்பவர். சிலர் எழுந்தும் வருவார்கள். மூளைவழி இறந்தவர் வருவதில்லை.

மூளை நின்றதை இறப்பாக ஏற்பதற்கு நம் மரபு எதிரானது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘மூச்சு அடங்கியது’ என்றுதானே சாவை நாம் காலங்காலமாகச் சொல்கிறோம்? மூளைவழி இறப்பை உறுதிசெய்யும் இறுதிச் சோதனையும் அதையே பார்க்கிறது. ஆக்சிஜன் கொடுத்தபடி வென்டிலேட்டரின் இணைப்பை விலக்கி, ரத்தத்தில் கரியமிலவாயு ஏறவிட்டு, நெஞ்சு தானாக ஒரு முறையாவது எழுகிறதா என்று மருத்துவர் உற்றுப் பார்க்கிறார். உயிருள்ள மூளைத்தண்டு அந்த நிலையில் சும்மா இருக்காது, மூச்சுக்குத் தவிக்கும். எழவில்லை என்றால் மூச்சு அடங்கிவிட்டது. அதுவரை உள்ளே போய்வந்தது கருவி தள்ளிய காற்று. ஆகவே இறப்பு உறுதியானபின் வென்டிலேட்டரை ‘உயிர்காக்கும் கருவி’ என்று எழுதவே கூடாது. ‘காற்றூட்டும் கருவி’ என்பது போதும்.

2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. 2023 செப்டம்பர் முதல் உறுப்புக் கொடையாளருக்கு அரசு மரியாதையும் உண்டு. மக்கள் மனத்தில் ஈகை இருக்கிறது. உறுப்புக் கொடைக்குக் கையெழுத்துப் போடும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது.

தலைப்புச் செய்தியில் ‘மூளைச்சாவு’ இன்னும் பல காலம் இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒப்புதல் படிவத்திலும் ஆலோசகர் பேச்சிலும் முதலில் மாற்றிப் பார்க்கலாம். ‘வழி’ என்பது ‘பரம்பரை வழி’ போல ஒலிக்கிறதா என்பது மட்டும் எனக்கு ஐயம். ‘மூளையால் இறப்பு’ அதைவிட மேலா? குழுவில் உள்ள மருத்துவர்களும் இலங்கை நண்பர்களும் எழுதுங்கள்.

அன்புடன்.