சுகர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார் அப்பா, என்ன செய்வது?

தங்கச்சிமடத்தான்:
அப்பாவுக்கு வயது 58. சுகர் வந்து பல வருஷம் ஆகிறது, இன்னமும் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இப்போது எடுத்த டெஸ்டில் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1, நார்மல் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் யூரினில் ஆல்புமின் என்ற புரதம் 180, பிபி 150க்கு 90. டாக்டர் பிபிக்கு டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்து, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் விடாமல் போடச் சொன்னார். அப்பாவோ "இங்கிலீஷ் மாத்திரை போட்டுப் போட்டுத்தான் கிட்னி போகுது" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு யாரோ கொடுத்த சூரணம் சாப்பிடுகிறார். வலை இழுத்து இடுப்பு வலித்தால் மட்டும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிரியாட்டினின் நார்மல்தானே, பயப்பட வேண்டுமா?

கீழக்கரை அக்கா:
தம்பி, நான் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், கிட்னியின் வேலை பாதிக்குப் பக்கம் குறையும்வரைகூட அது நார்மல் என்றே காட்டும். முதலில் காட்டிக்கொடுப்பது யூரினில் கசிகிற ஆல்புமின்தான். அது 30க்குள் இருக்க வேண்டும், 300ஐத் தாண்டினால் கசிவு கடுமை. அப்பா இடையில் இருக்கிறார், பிடித்து நிறுத்த இதுதான் நேரம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் இது ஏறும், அதனால் மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்யுங்கள்.

கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிபியும்தான், மெட்ஃபார்மின் கெடுக்காது. கிட்னி ரொம்பவே பலவீனமாகி ஈஜிஎஃப்ஆர் (அது வடிகட்டும் வேகம்) 30க்குக் கீழே போனால் மருந்து உடம்பில் தங்கிவிடும் என்று டாக்டர்களே அதை நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊரில் "மாத்திரையால்தான் போச்சு" என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அந்த இடுப்பு வலி மாத்திரைக்குத்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் எல்லாமே கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், அதுவும் வெயிலில் வேர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் படகில் நிற்கிற ஆளுக்கு ரொம்ப ஆபத்து. வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். சூரணத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

மண்டபம் மாப்ள:
அக்கா சொன்னதோடு உப்பையும் பாருங்கள் தம்பி. ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். நம்ம வீடுகளில் கஞ்சிக்குக் கருவாடு, சோற்றுக்கு அப்பளம், ஊறுகாய் என்று அது காலையிலேயே தாண்டிவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு அலசினாலும் சதைக்குள் இருக்கிற உப்பு முழுசாகப் போகாது. நமக்குத்தான் சாளை, நகரை, சூடை எல்லாம் பச்சையாகவே கிடைக்கிறதே, அதைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். எண்ணெயில் பொரித்துத் தினமும் வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:
ரொம்ப நன்றி. இந்துப்பும், கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பும் பரவாயில்லையா? அப்புறம், டபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை கிட்னிக்கு நல்லது என்கிறார்களே?

கீழக்கரை அக்கா:
இந்துப்பும் உப்புதான் தம்பி. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டன் போடுகிறவருக்கு அது ரத்தத்தில் ஏறிவிடலாம், வேண்டாம். டெல்மிசார்டன் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பதறி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

டபாக்ளிஃப்ளோசின் கிட்னி கெடுவதை நிஜமாகவே மெதுவாக்கும். காப்புரிமை முடிந்ததிலிருந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். ஒன்றே ஒன்று, வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாமல் கிடந்தால் டபாக்ளிஃப்ளோசின், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டிவரும், அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள். சுகர், பிபி மாத்திரையை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அப்பா கடலில் இருந்தால் அம்மா வாங்கி வைக்கட்டும். அப்படியே கண்ணையும் காட்டிவிடுங்கள், சுகரால் ஆல்புமின் கசிகிற பலருக்கு விழித்திரையிலும் பாதிப்பு இருக்கும்.