1918 பேறுகால வார்டு, நஞ்சுக்கொடி இறங்காத பிரசவம்: ஒரு காட்சிக்கு உதவி வேண்டும்

வணக்கம். சரித்திர நாவலில் ஒரு காட்சி நகர மறுக்கிறது. மகப்பேறு செவிலியர், மருத்துவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

இடம் டப்ளின், 1918 அக்டோபர் இறுதி, இன்ஃப்ளுயென்சாவின் இரண்டாம் அலை. காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்கான சின்ன வார்டு. டாக்டர் வேறு மாடியில். ஐந்தாவது பிரசவம், குழந்தை பிறந்து 40 நிமிடம். நஞ்சுக்கொடி இறங்கவில்லை. விரிப்பு ஊறி ரத்தம் தரையில் சொட்டுகிறது. நாடி 140. உதடும் காதுமடலும் நீலம் பாரித்துவிட்டன. நாலு தலையணையில் சாய்ந்துதான் மூச்சே விடுகிறாள்.

இதுவரை எழுதிய வரைவுகளில், குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தாயிற்று. அடிவயிற்றைத் தேய்த்து, கருப்பை இறுகும் நேரம் பார்த்துக் கீழ்நோக்கி அழுத்தியாயிற்று. கருப்பையை இறுக்கும் மருந்தான எர்காட்டைத் தொடவில்லை, நஞ்சுக்கொடி வெளியேறுமுன் கொடுத்தால் கருப்பை வாய் இறுகி அது உள்ளேயே சிக்கிவிடும் என்பது அன்றைய பாடம். லைசால் என்ற கிருமிநாசினியில் முழங்கை வரை கழுவிக்கொண்டு, கையை உள்ளே விட்டு எடுப்பதுதான் மிச்சம். கிருமித்தொற்றுக்கான சல்ஃபா மருந்துகள் 1930களில்தான் வருகின்றன, ஆகவே பிரசவ ஜன்னி (பிரசவத்துக்குப் பின் தொற்றால் வரும் காய்ச்சல்) பயம் வேறு.

சிக்கல் கட்டிலில்தான். ரத்தம் போகிறவளுக்குக் கால்மாட்டை உயர்த்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் நீர் கோத்த நுரையீரலோடு திணறிவிடுவாள். இந்த மூச்சுத்திணறலில் மயக்கத்துக்குக் குளோரோஃபாம் கொடுக்கவும் வழியில்லை.

டாக்டர் வர 10 நிமிடம் ஆகும் என்றால், அனுபவமுள்ள அக்காலத்து நர்ஸ் கையை உள்ளே விடும்போது அவளை நிமிர்த்தியே வைத்திருப்பாளா, படுக்க வைப்பாளா?