ஓஸ்டேக்: டேக் போன பிறகு பாஸ் கொடுத்தால் ஏன் பெனால்டி?

புதன்கிழமை_ஆட்டக்காரன்:
வணக்கம். சென்னையிலிருந்து சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆள் குறைகிறது என்று ஆபீஸின் ஆண் பெண் கலப்பு ஓஸ்டேக் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஓஸ்டேக் என்பது ஆளைக் கீழே தள்ளாமல், இடுப்பில் ஒட்டியிருக்கும் ‘டேக்’ என்ற பட்டையைப் பிடுங்கி ஆடும் ஒருவகை ரக்பி. ரக்பி பந்தைக் கையால் தொட்டதே இங்கே வந்துதான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று டேக் ரக்பி விதிகள் பற்றி இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் போனேன். இடுப்பிலிருந்து டேக்கைப் பிடுங்கிவிட்டால் மூன்று வினாடிக்குள் பாஸ் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். நான்கு பெனால்டி! அணியில் எல்லாரும் சிரிக்கிறார்கள், விளக்கத்தான் ஆள் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒருமுறை நடுவர் என் இடது கையைக் காட்டிப் பெனால்டி கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. அப்புறம், எதிரணியிடமிருந்து ஒரு டேக்கைக்கூட என்னால் பிடுங்க முடியவில்லை. கையை நீட்டினால் காற்றுதான் கிடைக்கிறது.

பென்டில்ஹில்_அண்ணா:
தம்பி, நீங்கள் படித்தது வேறு பாடம், எழுதியது வேறு பரீட்சை. இங்கிலாந்தில் சிறுவர்கள் ஆடும் டேக் ரக்பியின் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை உண்டு. அது ரக்பி யூனியன் வழியில் வந்தது. யூனியனில் ஆளை மடக்கினாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கும். அதனால்தான் டேக் போனதும் உடனே பாஸ் கொடு என்கிறார்கள்.

ஓஸ்டேக் 1992இல் இதே சிட்னியில் தொடங்கியது. ரக்பி லீக்கின் பிள்ளை. லீக்கில் ஆளை மடக்கினால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது. எழுந்து, பந்தைக் காலால் பின்னே தள்ளி, மறுபடி தொடங்க வேண்டும். ஆறு முறை மடக்கினால் பந்து எதிரணிக்கு. ஓஸ்டேக்கில் டேக்கைப் பிடுங்குவதுதான் ஆளை மடக்குவது. மற்றதெல்லாம் லீக் மாதிரிதான்.

ஆகவே உங்கள் டேக் போன கணமே பந்து செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் நாலடி தள்ளிப் போயிருந்தாலும் டேக் விழுந்த இடத்துக்குத் திரும்பி வந்து, எதிரணியின் எல்லைக்கோட்டைப் பார்த்து நின்று, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் உருட்டுங்கள். பின்னால் நிற்கும் உங்கள் அணி ஆள் (டம்மி ஹாஃப் என்பார்கள்) எடுத்துக்கொள்வார். நீங்கள் டேக்கை எடுத்து ஒட்டிக்கொண்டு அப்புறம் ஆட்டத்தில் சேருங்கள். இரண்டு டேக்கும் இடுப்பில் இல்லாமல் பந்து வாங்கப் போகாதீர்கள். பாஸ் கொடுப்பதென்றால் டேக் போவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

கை விஷயம்: பள்ளியில் கபடி ஆடினீர்களா?

புதன்கிழமை_ஆட்டக்காரன்:
ஆமாம், மாவட்ட அளவு வரைக்கும். எப்படித் தெரிந்தது?

பென்டில்ஹில்_அண்ணா:
நானும் அதில்தான் மாட்டினேன். பிடிக்க வரும் கையைத் தட்டிவிடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. இங்கே கையாலோ பந்தாலோ டேக்கை மறைத்தாலும், பிடுங்க வரும் கையைத் தட்டினாலும் பெனால்டி. இரண்டு கையாலும் பந்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து ஓடுங்கள், கைக்கு வேறு வேலை இருக்காது. நாலு வாரத்தில் பழக்கம் விட்டுப்போகும்.

லீக்_பைத்தியம்:
டிஃபென்ஸுக்கு ஒரு டிப்ஸ். பிடுங்கிய டேக்கைத் தூரமாக எறிந்துவிடுங்கள். அவன் தேடிப் போவதற்குள் நாம் வரிசையைச் சரிசெய்துவிடலாம் 😄

நடுவர்_விசில்:
தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். எறிந்தால் பெனால்டி. டேக்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, பிடுங்கிய இடத்திலேயே போட வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்க அதுதான் குறி.

புதன்கிழமைத் தம்பி, உங்கள் மூன்றாவது சந்தேகம்தான் கொஞ்சம் கடினம். வாரத்தில் மூன்று நாள் விசில் ஊதுகிறேன். புதியவர்கள் எல்லாரும் பந்தையோ எதிராளியின் தோளையோதான் பார்க்கிறார்கள். பந்தைக் கொடுப்பதுபோல் ஏமாற்றலாம், தோளைச் சாய்த்து ஏமாற்றலாம், இடுப்பால் ஏமாற்றுவது சிரமம். இடுப்பையே பாருங்கள், டேக்கும் அங்கேதான் இருக்கிறது. தூரத்திலிருந்து எட்டிப் பிடிக்க நினைத்தால் காற்றுதான். சின்னச் சின்ன அடியாக வைத்து, முழங்காலை மடக்கி, ஒரு கை தூரத்துக்குள் போன பிறகே கையை நீட்டுங்கள்.

அதைவிட முக்கியம், தனியாகப் பாய்ந்து முன்னே போகாதீர்கள். களத்தில் எட்டுப் பேர் நிற்கிறீர்கள். ஒருவர் மட்டும் முந்திப் போனால் அந்தச் சந்து வழியாகத்தான் எதிரணி உங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை (புள்ளி) எடுக்கும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் 7 மீட்டர் பின்வாங்கி, பக்கத்து ஆளோடு ஒரே கோடாக முன்னேறுங்கள். பந்து வைத்திருப்பவரை உங்கள் உள்பக்கம் விடாமல், ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். ஓரத்தில் அவருக்கு இடம் தீர்ந்துபோகும்.

பந்து இல்லாத ஆளின் டேக்கை வேண்டுமென்றே பிடுங்காதீர்கள், அதுவும் பெனால்டி.

லீக்_பைத்தியம்:
சரி சரி, வாபஸ். ஆறாவது டேக்குக்கு முன்னால் பந்தை உதைக்கலாமே, அதையாவது சொல்லலாமா?

நடுவர்_விசில்:
உதைக்கலாம். பந்து நடுவரின் தோள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் சீசனில் வேண்டாம் என்பது என் கருத்து.

புதன்கிழமை_ஆட்டக்காரன்:
நேற்று ஆடினோம். பாஸுக்கு ஒரு பெனால்டிகூட இல்லை! இரண்டு டேக் பிடுங்கினேன், ஒன்று எங்கள் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால். தோற்றோம், அது வேறு விஷயம். ஆனால் நடுவர் என் சட்டையைக் காட்டி ஏதோ சொன்னார்.

பென்டில்ஹில்_அண்ணா:
சட்டையை உள்ளே செருகுங்கள் தம்பி. டேக்கை மறைக்கிறது.